நாற்பது கட்டில், ஒரே ஒரு டாக்டர்

பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரிகள் – 6

சென்ற பகுதியைப் பரேலியில் நிறுத்தியிருந்தோம். 1870 ஜனவரியில் அங்கே வந்து சேர்ந்த அமெரிக்க டாக்டர் கிளாரா ஸ்வெய்ன், ராம்பூர் நவாப் கொடுத்த தோட்டத்தில் 1874-இல் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்ததைப் பார்த்தோம். 28 ஆண்டுகள் கழித்து வேலூரில் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் நினைவு ஆஸ்பத்திரியையும் அதே வரிசையில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம். ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ளாத பெண்களுக்காக வெளிநாட்டுப் பெண் டாக்டர் ஒருவர் கட்டிய இன்னோர் ஆஸ்பத்திரி என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேலூரின் முதல் ஐம்பது ஆண்டுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த ஒரு வரி போதவில்லை. அங்கே பற்றாக்குறையாக இருந்தது கட்டடமோ மதிற்சுவரோ அல்ல, பிரசவம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் பழகிய கைகள். ஷெல் ஆஸ்பத்திரியை ஒரு சிகிச்சை நிலையமாகப் பார்ப்பதைவிட, டாக்டர்களையும் நர்ஸுகளையும் உருவாக்கும் இடமாக அது மெல்ல மெல்ல மாறிய கதையாகப் படித்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

வழக்கமான கதை திண்டிவனத்தில் தொடங்குகிறது. 1890-களின் தொடக்கம். பின்னாளில் ஷெல் ஆஸ்பத்திரியைக் கட்டிய ஐடா ஸ்கடருக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, உடல்நலம் குன்றிய தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். ஸ்கடர் குடும்பத்துக்கு மிஷன் வேலை புதிதல்ல. தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பிறகு சென்னையிலும் வைத்தியம் பார்த்தவர், தந்தையும் டாக்டர். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் நாட்டம் இல்லை. ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மற்றொரு மேல்சாதிக்காரர். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். என் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வந்து பார்ப்பதற்கில்லை என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இந்த நிகழ்ச்சியை நாம் அறிவது ஐடாவே பின்னாளில் சொல்லிவந்ததன் வழியாகத்தான், அதுவும் பெரும்பாலும் மிஷனுக்கு நிதி கேட்ட மேடைகளில். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய மனிதரின் நெஞ்சைத் தொடும்படி வடிக்கப்பட்ட கதையில், காரணங்களில் மிகத் துலக்கமான ஒன்று மட்டும் முன்னால் வந்து நிற்கும். மற்றவை பின்னால் போய்விடும்.

பின்னால் போனவை என்னென்ன? வந்தவர்கள் கணவர்கள். அந்த மூன்று பெண்களில் ஒருத்தியிடமாவது, உயிரா மானமா என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ‘பெண்கள் மறுத்தார்கள்’ என்று நாம் சுருக்கிச் சொல்வது, உண்மையில் ஆண்கள் மறுத்தது. அடுத்தது, பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி இல்லாத நாடாக அன்றைய சென்னை மாகாணம் இருக்கவில்லை. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இலேயே தொடங்கப்பட்டது. மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் சேர்த்துக்கொண்டது. அதே ஷார்லீபின் முயற்சியால் கோஷா (மறைப்பு) முறையில் வாழ்ந்த பெண்களுக்கும் சாதிப் பெண்களுக்கும் 1885-இல் ஏற்பட்ட தனி ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியாக இருக்கிறது. பெண்களின் வைத்தியத்துக்கென்று டஃபரின் சீமாட்டி நிதியும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு ரயிலும் ஓடியது. ஆனால் குழந்தை குறுக்கே விழுந்துவிட்ட, ரத்தப்போக்கு நிற்காத ஒருத்தியை 120 கிலோமீட்டர் கொண்டுபோவது நடக்கிற காரியமா? 1901 கணக்கெடுப்பில் மாகாணத்து மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 கோடி. பட்டணத்தில் எத்தனை உயரமான மதிலுக்குள் ஆஸ்பத்திரி கட்டினாலும், ஊருக்குப் பக்கத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒருத்தி இல்லையென்றால் அது அந்தப் பெண்ணுக்கு இல்லாத ஆஸ்பத்திரிதான்.

இதை ஐடா தொடக்கத்திலேயே முழுக்கப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்று, 1900 ஜனவரியில் திரும்பி வந்தார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் கையில் இருந்தது. தந்தையிடம் சிலகாலம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். அவரோ அந்த ஆண்டே இறந்துபோனார். வேலூரில் மிஷன் பங்களாவில் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. முதல் அறுவை சிகிச்சையின்போது பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் சலோமி. அவர் ஐடா வீட்டுப் பட்லரின் மனைவி, பயிற்சி ஏதும் இல்லாதவர். இரண்டு ஆண்டுகளில் 5,000 பேருக்கு ஐடா சிகிச்சை அளித்ததாகக் கணக்கு. இந்தக் கணக்கைப் பெருமையாக எழுதுகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டில் 5,000 பேரைப் பார்த்த ஒரு டாக்டருக்குத் துணையாக வேறு டாக்டரும் கிடையாது, பயின்ற நர்ஸும் கிடையாது. கொதிக்க வைத்த கருவி எது, கையால் தொட்டுவிட்ட கருவி எது என்று சலோமிக்கு வேலையின் நடுவே சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அந்த நிமிஷம்தான், என் கணிப்பில், வேலூரின் முதல் வகுப்பு.

1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி 40 கட்டில்களோடு எழுந்தது. கட்டில் நாற்பதானாலும் டாக்டர் ஒருவர்தான். அந்நாளைய மிஷன் ஆஸ்பத்திரிகளில் நோயாளி தனியாக வருவதில்லை. தாய், மாமியார், கைக்குழந்தை, சமையல் பாத்திரம் எல்லாம் கூடவே வரும். சாதிக்குத் தக்கபடி தனித்தனியே சோறு பொங்கிக்கொள்வார்கள். பத்தியம் என்று கஞ்சியையும் மறுக்கிற பாட்டி ஒரு பக்கம். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூலிகை வைத்துக் கட்டிவிடுகிற சித்தி ஒரு பக்கம். டாக்டர் அறையை விட்டுப் போனதும் அங்கே ஆட்சி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை நன்றாக நடந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் ஒருத்தி இறந்துபோனால், அதற்கு டாக்டரின் கத்தி காரணமில்லை. இரவு முழுக்க அவளருகே உட்கார்ந்து காய்ச்சலை அளந்து, துணி மாற்ற ஆள் இல்லாததே காரணம். 1909-இல் டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸின் பொறுப்பில் நர்சிங் பள்ளி தொடங்கியதை ஆஸ்பத்திரியின் துணை வேலையாக எழுதுவது தவறு. அது இல்லாமல் அந்த நாற்பது கட்டிலுக்குப் பொருளே இல்லை.

அந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாரும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். அடுத்தவர் மலசலத்தையும் பிரசவ ரத்தத்தையும் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகத்தில், அந்த வேலைக்குத் தம் மகளை அனுப்பச் சாதி இந்துக் குடும்பங்கள் முன்வரவில்லை. மகள் வீட்டை விட்டு விடுதியில் தங்கி, இரவு வேலையும் பார்ப்பதை எந்தச் சமூகமும் அன்று எளிதில் ஏற்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏற்றதற்கு விசுவாசம் ஒரு காரணம். மிஷன் பள்ளிகளில் அந்தப் பெண்கள் ஏற்கெனவே எழுதப் படிக்கக் கற்றிருந்தது இன்னொரு காரணம். கையில் சம்பளம் வந்தது மூன்றாவது. தென்னிந்திய நர்சிங்கில் பல தலைமுறைக்குக் கிறிஸ்தவப் பெண்களின் எண்ணிக்கை மிகுந்திருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கோஷாவும் மறைப்பும் வெறும் கற்பனையா, அந்தப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போயிருப்பார்களா என்று ஒருவர் கேட்கலாம். கற்பனை அல்ல. ஆர்க்காடு நவாபுகள் ஆண்ட பகுதி இது. வேலூரில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. மேல்சாதி இந்து வீடுகளிலும் கட்டுப்பாடு கடுமையானது. பெண் டாக்டர் இல்லாவிட்டால் அந்த வீடுகளின் வாசற்படியையே மிதித்திருக்க முடியாது. ஆனால் நாற்று நட்டவளும், தோல் பதனிடும் வேலைக்குப் போனவளும், சந்தையில் காய் விற்றவளும் மறைப்பில் வாழவில்லை. அவர்களும் தலைப்பிரசவத்தில் செத்தார்கள். காரணம் கோஷா என்றால் அவர்களாவது பிழைத்திருக்க வேண்டுமே? ஷெல் ஆஸ்பத்திரி தன் மதிலுக்கு வெளியே செய்த வேலை இதற்குப் பதில் சொல்கிறது. முதல் பத்தாண்டிலேயே ஐடா வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் புறப்பட்டுவிடுவார். முதலில் மாட்டுவண்டி, பிறகு 1909-இல் வந்த பெஜோ கார். அந்தக் காரைக் கண்டு ஊர்க்காரர்கள் முதலில் ஓடினார்கள் என்பார்கள். சாலையோரம் மரத்தடியில் வண்டி நிற்கும். கண்வலி, சிரங்கு, சீழ்க்கட்டி, குஷ்டம் என்று கூட்டம் காத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஆண்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. பெண்களுக்கு மட்டும் என்ற விதி மதிலுக்குள் செல்லும், மரத்தடியில் செல்லாது. 1947-இல் அந்த விதிக்கு என்ன நடக்கப்போகிறது என்பதற்கு இந்த மரத்தடி ஒரு முன்சாட்சி. தூரம் ஒரு பக்கம், வறுமை ஒரு பக்கம், ஆள் இல்லாமை ஒரு பக்கம் என்று இருக்கையில் கோஷா அவற்றோடு சேர்ந்த நான்காவது தடையாகத்தான் அந்தச் சாலையில் தெரிந்தது.

ஆளே இல்லை என்று சொல்லும்போது இன்னொரு நியாயமான ஆட்சேபம் எழும். ஊர்தோறும் மருத்துவச்சிகள் இருந்தார்களே, அவர்கள் கணக்கில் வரமாட்டார்களா? வருவார்கள். நாவிதர் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்துவந்தார்கள். எல்லாச் சாதிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அவர்கள் கையில்தான் விழுந்தது. மிஷனரிகளின் எழுத்துகளில் இந்தப் பெண்கள் மேல் கொட்டப்படும் ஏளனத்தைப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. அழுக்குக் கை, துருப்பிடித்த கத்தி என்ற இரண்டு சொற்களில் அவர்களுடைய அனுபவம் முழுவதையும் துடைத்துவிடுகிறார்கள். சாதாரணப் பிரசவத்தை அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். பார்க்கத் தெரியாதிருந்தால் ஊர் அவர்களை அழைத்திருக்காது. குழந்தை தலை திரும்பாமல் நின்றுவிட்டாலோ, நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிவிட்டாலோ அவர்களுக்கு அடுத்து யாரை அழைப்பது என்பதில்தான் வழி அடைபட்டது. மருத்துவச்சிக்கும் சென்னை ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு படி இல்லை. அந்த நடுப்படி தாலுகா ஊர்களில் உட்காரக்கூடிய, தமிழோ தெலுங்கோ பேசுகிற, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கத் தெரிந்த ஒரு பெண். அவளை எங்கிருந்து கொண்டுவருவது?

அமெரிக்காவிலிருந்து கொண்டுவர முடியாது என்பது பத்தாண்டிலேயே தெரிந்துவிட்டது. கப்பலேறி வருகிறவர் மொழி கற்க வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் போவார். அவர் போனால் அந்த ஆஸ்பத்திரியே தடுமாறும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதல் பெண்களைச் சேர்த்தாலும் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். முத்துலட்சுமி அம்மையார் அங்கே பட்டம் பெற்றது 1912-இல். அதற்கு அவர் என்னென்ன கடந்து வந்தார் என்பது ஊரறிந்தது. ஆகவே ஐடாவும் பல சபைகளைச் சேர்ந்த மிஷனரிகளும் கேட்டது பட்டப்படிப்பு அல்ல, நான்கு ஆண்டில் முடியும் எல்.எம்.பி. என்ற லைசென்ஷியேட் படிப்புக்கான பள்ளி. மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் கர்னல் பிரைசன் இதில் நம்பிக்கை இல்லாமல்தான் அனுமதித்தார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம், ஆறு பேர் சேர்ந்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாக வேலூரில் இன்றும் பேசுவார்கள். வந்தவை 151 விண்ணப்பங்கள். 1918 ஆகஸ்ட் 12-இல் பெண்களுக்கான ஐக்கிய மிஷன் மருத்துவப் பள்ளி திறந்தது. 1922-இல் இறுதித் தேர்வு எழுதிய முதல் அணியின் 14 பேரும் தேறினார்கள். மாகாணம் முழுதும் ஆண்கள் பள்ளிகளில் பாதிக்கும் மிகக் குறைவானவர்களே தேறிய தேர்வு அது. 151 என்ற எண்ணை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பெண்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்பது அன்று அதிகாரிகளின் கோட்பாடாகவே இருந்தது. வாசல் இல்லாத வீட்டுக்குள் யாரும் வரவில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த விண்ணப்பக் கட்டு காட்டிவிட்டது.

மதமாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைக் கடந்துபோவது நேர்மையாகாது. மிஷன் சபைகள் பணம் அனுப்பியது பிரசவ மரணங்களைக் குறைப்பதற்காக மட்டுமல்ல. வார்டுகளில் ஜெபம் நடந்தது, பைபிள் வாசிக்கும் பெண்கள் கட்டில் கட்டிலாகப் போனார்கள். இதை மறைக்க மிஷனரிகளே முயலவில்லை, நாம் ஏன் மறைக்க வேண்டும்? நோயில் படுத்திருப்பவளிடம் மதம் பேசுவது முறையா என்ற கேள்வி நியாயமானது. முறையல்ல என்பதே என் எண்ணமும். ஆனால் அதை வைத்து, ஆஸ்பத்திரி வெறும் தூண்டில் என்று முடிவுகட்டுகிறவர்கள் ஒன்றை விளக்க வேண்டும். தூண்டில் போடுகிறவருக்கு நாலாண்டு உடற்கூறியல் பள்ளி எதற்கு? ஆளைச் சேர்ப்பதே குறி என்றால் மருந்தும் பிரசங்கமும் போதும். செலவு பிடிக்கிற பள்ளியும் சோதனைச்சாலையும் தேவையில்லை. 1920-களின் தொடக்கத்தில் லூசி பீபடி என்ற அமெரிக்கப் பெண்மணி முன்நின்று ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காகத் திரட்டிய இயக்கத்தில், 20 லட்சம் டாலர் சேர்ந்தால் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் சொன்னது, சேர்ந்தது. வேலூருக்கும் அதில் பங்கு வந்தது. ஷெல் ஆஸ்பத்திரிக்கு இடம் போதாமல் தோட்டப்பாளையத்தில் புதிய ஆஸ்பத்திரி எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அமெரிக்க ஊர்களில் சர்ச் பெண்கள் சில்லறையாகச் சேர்த்த அந்தப் பணம் பெண்கள் படிப்பதற்கென்று சேர்த்த பணம். இந்த விவரம் அடுத்த சண்டைக்கு அடிப்படை.

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டு, டாக்டரானால் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் என்ற கொள்கையை அரசு எடுத்தது. இதிலும் நியாயம் உண்டு. எல்.எம்.பி. முடித்தவர்களைக் கீழ்ப்படியில் நிறுத்தி, பட்டதாரிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் மேல்படி ஒதுக்கிய ஏற்பாட்டை ஒரு தேசிய அரசு விரும்பாததில் வியப்பில்லை. ஆனால் தாலுகா ஊருக்குப் போய் உட்காரக்கூடிய பெண்ணை நான்கே ஆண்டில் கொடுத்த வழி அதனால் அடைபட்டது. பட்டம் பெற்ற டாக்டர் பட்டணத்தில் தங்குவார், ஊருக்குப் போகமாட்டார் என்ற கவலை பின்னாளில் சுகாதாரம் பற்றிய 1946-இன் போர் (Bhore) குழு அறிக்கையிலும் தலைகாட்டியது. அந்தக் குழுவிலேயே சிலர் லைசென்ஷியேட் படிப்பு வேண்டும் என்று மாற்றுக் கருத்து எழுதினார்கள். கொள்கை சரியானதே, ஆனால் அது வந்த வேளை பெண்களின் சிறு ஆஸ்பத்திரிகளுக்குப் பாதகமானது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலூருக்கு முன் இரண்டே வழிகள். மூடிவிடுவது, அல்லது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்வது. உயர வேண்டுமானால் பல மடங்கு கட்டில், மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆண் நோயாளிகளும் உள்ள பொது ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும். குஷ்டநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் போன்றோர் வந்து சேர, 1942-இல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்தது. மிச்சத்துக்குப் பணம்? தென்னிந்தியக் கிறிஸ்தவ சபைகளுக்கு ஒரே மருத்துவக் கல்லூரி போதும், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டால் மற்ற சபைகளின் பணமும் வரும் என்றார்கள்.

லூசி பீபடி இதைத் துரோகம் என்றார். பெண்களுக்கென்று பெண்களிடம் வாங்கிய பணத்தை ஆண்களுக்குத் திறந்துவிடுவதா என்ற அவர் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. ஆண்கள் வந்த இடத்தில் தலைமை நாற்காலிகள் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் அறிந்தே பேசினார். பெண் கல்லூரி என்பதற்காகவே மகளை அனுப்பிய குடும்பங்களும் இருந்தன. ஐடா நீண்ட தயக்கத்துக்குப் பிறகு மறுபக்கம் சேர்ந்தார். பல ஆண்டு நட்பு அதில் முறிந்தது. 1945-இல் முடிவெடுத்து, 1947-இல் முதல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். ஷெல் ஆஸ்பத்திரியின் உயிர் மறைப்பு மதிலில் இருந்தது என்று நம்புகிறவர்களுக்கு இது அதன் மரணமாகத்தான் தெரியும். ஆட்களை உருவாக்குவதே அதன் வேலை என்று 1900 முதல் பார்த்துவருகிறவருக்கு அப்படித் தெரியாது. கல்லூரியை மூடியிருந்தால் பெண் டாக்டர்கள் உருவாகும் வழியும் சேர்ந்தே மூடியிருக்கும். பீபடி அஞ்சியது முழுக்கப் பொய்யாகவும் இல்லை. பின்னாளில் வேலூரின் புகழ்பெற்ற அறுவை நிபுணர்கள் என்று ஊர் சொல்லும் பெயர்களில் ஆண்களே அதிகம். ஆனால் அந்த மாற்றக் காலத்திலேயே கல்லூரியின் தலைமைக்கு வந்தவர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பெண்கள் மருத்துவ சேவைப் பிரிவில் நியமிக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அவர்; வேலூரின் தலைமையில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. பழைய ஷெல் வளாகம் இப்போது அதே கல்லூரியின் கண் ஆஸ்பத்திரியாக நடக்கிறது, ஆண் பெண் இருபாலருக்கும்.

ஸ்கடர் தாத்தா முதலில் வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்திலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று 1898-இல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி திறந்தது: இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி. அடுத்த பகுதியில் அங்கே போவோம்.